பழவேற்காட்டில் காற்றும் ஓதமும்

மே மாத நண்பகலில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் மர நிழலில்கூட நிற்க முடியாது. அதே நேரத்தில், அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கி.மீ. தள்ளி, பழவேற்காட்டுக் கடற்கரையில் நின்றால் தோளில் போட்ட துண்டு தங்காது. இரண்டுக்கும் காரணம் ஒரே வெயில்தான். நிலம் விரைவாகச் சூடேறும். கடல் மெல்லத்தான் சூடேறும். தரைக்கு மேலே காற்று விரிந்து எழும்பும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நோக்கிக் கடலின் குளிர்ந்த காற்று கரையேறி வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் மேலைக்காற்று எதிர்த்து நிற்பதால் கடற்காற்று தாமதமாகும். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும்.

இந்தக் காற்று வந்து சேரும் இடம் சாதாரண இடமல்ல. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் பழவேற்காடு ஏரி. நீளம் சுமார் 60 கி.மீ. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ராக்கெட் ஏவுதளம் உள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவுதான் ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் மணல் அரண். தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் நன்னீர் கொண்டுவருகின்றன. இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான்.

தடையில்லாத காற்று, அலையை மறிக்கும் மணல் திட்டு, இடுப்பளவுத் தண்ணீர்: கைட்சர்ஃபிங் ஆடுபவர்கள் உலகமெங்கும் தேடி அலைவது இந்த மூன்றையும்தான். பெரிய காத்தாடியை இடுப்புப் பட்டையில் பிணைத்து, காலடியில் பலகையுடன் நீர்மேல் விரையும் விளையாட்டு அது. அதற்குக் காற்று குறைந்தது மணிக்கு 20 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் காத்தாடி இழுக்கும் விசை நான்கு மடங்காகும். அதனால் காற்று ஏற ஏறச் சிறிய காத்தாடிக்கு மாறுவார்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் இறங்கவே மாட்டார்கள். கயிறு அறுந்தால் காற்று ஆளை ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விடும். தமிழ்நாட்டில் இந்த விளையாட்டு வேரூன்றியிருப்பது ராமேசுவரத்தில். அங்கே நிலம் ஒடுங்கிய மணல் நாக்காக நீள்வதால், எந்தப் பருவக்காற்றிலும் ஒரு பக்கம் கடல் கொந்தளித்தாலும் மறுபக்கம் தட்டையாகக் கிடக்கும். இலங்கையின் கற்பிட்டியிலும் காயலும் பருவக்காற்றும் சேர்ந்து இதே வாய்ப்பைத் தருகின்றன.

பழவேற்காட்டில் காற்று செய்யும் வேலை வேறு. நம் கரையில் கடல் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவு இருக்கும். ஆனால் அந்த ஓதம், ஏரி கடலோடு சேரும் குறுகிய முகத்துவாரத்தில் நுழைந்து, ஆழமில்லாத தரையில் உராய்ந்து, உள்ளே போகப்போகத் தேய்ந்துவிடுகிறது. முகத்துவாரத்திலிருந்து தொலைவில் ஓதத்தைவிடக் காற்றுக்குத்தான் வலு அதிகம். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு மீட்டர் ஆழமுள்ள நீரில் 10 கி.மீ. தூரம் தொடர்ந்து தள்ளினால், காற்று கிளம்பும் கரையைவிட எதிர்க்கரையில் நீர்மட்டம் ஏறக்குறைய 15 செ.மீ. உயரும் என்று இயற்பியல் கணக்கு சொல்கிறது. ஆழம் பாதியானால் இந்த உயர்வு இருமடங்காகும். ஒரு கரையில் சேறு வெளியே தெரிய, மறுகரையில் தண்ணீர் ஏறி நிற்பது இப்படித்தான்.

முகத்துவாரத்தில் ஓதமும் காற்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. வற்றத்தின்போது ஏரி நீர் வேகமாகக் கடலுக்கு ஓடும்; கடற்காற்று அலைகளை அதற்கு எதிராகத் தள்ளும். எதிர்நீரோட்டத்தில் சிக்கிய அலைகளின் இடைவெளி சுருங்கி, உயரம் கூடும். அமைதியாகத் தெரிந்த நீர் சில நிமிடங்களில் செங்குத்தான குட்டை அலைகளாக மாறும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே படகு சவாரிக்குத் தடை வந்தது. ஆழம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

ஏரியின் உயிர் இந்த முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. அதை அடைக்கும் மணலைக் கொண்டுவருவது கரையோர நீரோட்டம். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னைக் கடற்கரை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வன்னி. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே அதிகம் நகர்கிறது. ஓதமும் ஆற்று வெள்ளமும் வலுவாக இருந்தால் இந்த மணலைத் தள்ளிவிடும். ஆறு வறண்ட கோடையில் மணல் வென்று, வாயை அடைக்கத் தொடங்கும். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் எந்தச் சுவரும் இந்த ஓட்டத்தை மாற்றும். சென்னைத் துறைமுகம் கட்டிய பின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்துக்கு அப்பால் கடல் கரையை அரித்தது. எண்ணூரின் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் பழவேற்காட்டுக்குத் தெற்கே, மணல் வரும் வழியிலேயே நிற்கின்றன.

வாய் அடைபட்டால் என்ன ஆகும்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மழைக்காலத்தில் ஏரியின் சில பகுதிகள் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் வாய் அடைபட்டால் நீர் ஆவியாகி, உப்பு கடலையும் மிஞ்சிவிடும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் ஓதத்தோடு ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். மடவை மீனுக்கும் இந்தப் போக்குவரத்து வேண்டும். ‘பாடு’ முறைப்படி முறைவைத்து வலை வீசும் மீனவர்களும், சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் இந்த வாயை நம்பித்தான் உலை வைக்கிறார்கள். மேலும் கீழுமாக மாறும் இந்த ஆழமற்ற நீரில்தான் பூநாரைகள் அலகைக் கவிழ்த்துச் சேற்றை வடிகட்டி இரை எடுக்கின்றன.

எனவே கைட்சர்ஃபிங்கை இங்கே கொண்டுவரலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். இது பறவைகள் சரணாலயம். பூநாரைகள் வந்து தங்கும் குளிர்காலத்தில்தான் வாடையும் வீசுகிறது. இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகளில் விரையும் காத்தாடி, இரையெடுக்கும் கூட்டத்தை மறுபடி மறுபடி கலைக்கும். நெடும்பயணத்துக்குச் சேர்த்த சத்தைப் பறவை அதில் இழக்கும். கயிறுகளும் வலைகளும் ஒரே நீரில் ஒத்துப்போகா. அந்த விளையாட்டுக்கு ராமேசுவரம் இருக்கிறது.

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் கரையில் நின்று பார்க்கலாம், பறவைகளைத் தூரத்திலிருந்து இருநோக்கியால் ரசிக்கலாம். முகத்துவாரத்தில் குளிக்க இறங்காதீர்கள். படகில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று யார் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள். அரசு செய்ய வேண்டியது இதைவிடப் பெரியது. முகத்துவாரத்தை ஆண்டு முழுவதும் திறந்துவைக்க வேண்டும். இந்தக் கரையில் இனி ஒரு கல் போடுவதற்கு முன்பும் மணல் எந்தப் பக்கம் போகிறது என்பதை அளந்து, அந்தக் கணக்கை மீனவர் ஊர்களின் முன் வைக்க வேண்டும்.