குழந்தை வளரும் ஆயிரம் நாட்கள்

ஒரே தெருவில் இரண்டு குழந்தைகள். இருவருக்கும் இரண்டு வயது. ஒரு குழந்தை ஓடுகிறது. படி ஏறுகிறது. பந்தை உதைக்கிறது. மற்றக் குழந்தை நான்கு அடி நடந்ததும் உட்கார்ந்துவிடுகிறது. உயரமும் குறைவு. பெரும்பாலும் யாராவது ஒருவர் இடுப்பிலேயே இருக்கிறது.

"அப்பா குட்டை. அதனால் பிள்ளையும் குட்டை" என்பார்கள் சிலர். "எங்கள் வம்சமே இப்படித்தான்" என்பார்கள் வேறு சிலர். "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்பவர்களும் உண்டு.

உண்மையான காரணம் என்ன? வம்சமா? தலையெழுத்தா? குழந்தை வளரும் சூழ்நிலையா? பார்ப்போம்.

வம்சம் மட்டும்தான் காரணமா?

உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. 1997 முதல் 2003 வரை அது நடந்தது. ஆறு நாடுகளில் ஆறு ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் நாட்டில் தெற்கு டில்லி. மற்றவை பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் உள்ள ஊர்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அளந்தார்கள்.

எல்லாக் குழந்தைகளும் வசதியான சூழ்நிலையில் வளர்ந்தவர்கள். தாய்ப்பால் குடித்தவர்கள். நல்ல உணவு, சுத்தமான நீர், தடுப்பூசி, மருத்துவ வசதி எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தன.

2006இல் முடிவு வெளிவந்தது. ஐந்து வயது வரை இந்த ஆறு ஊர்க் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். டில்லிக் குழந்தை, நார்வேக் குழந்தை, கானாக் குழந்தை என்ற வேறுபாடு மிகவும் சிறியதாக இருந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தாய் தந்தையின் உயரம் பிள்ளையின் உயரத்தில் ஓரளவு தெரியும். அதை மறுக்க முடியாது. ஆனால் சின்ன வயதில் நாட்டுக்கு நாடு, வீட்டுக்கு வீடு நாம் பார்க்கும் பெரிய வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் சூழ்நிலைதான். அங்கன்வாடியில் உள்ள வளர்ச்சி அட்டையைப் பாருங்கள். அதில் உள்ள கோடுகள் இந்த ஆய்விலிருந்து வந்தவைதான்.

நம் நாட்டின் நிலை என்ன? தேசியக் குடும்ப நல ஆய்வு இதைக் கணக்கெடுக்கிறது. 2005-06இல் ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 48 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2019-21இல் இது சுமார் 36ஆகக் குறைந்தது. பதினைந்து ஆண்டுகளில் வம்சம் மாறாது. சூழ்நிலை மாறியது. அதனால் குழந்தைகளின் வளர்ச்சியும் மாறியது. ஆனாலும் மூன்றில் ஒரு குழந்தைக்கு இன்னும் அந்த நல்ல சூழ்நிலை கிடைக்கவில்லை.

ஆயிரம் நாள் கணக்கு

கருவில் சுமார் 270 நாட்கள். முதல் வயதில் 365 நாட்கள். இரண்டாம் வயதில் 365 நாட்கள். கூட்டிப் பாருங்கள். சரியாக ஆயிரம் நாட்கள்.

மனிதர் வாழ்நாளில் உடம்பு மிக வேகமாக வளர்வது இந்த நாட்களில்தான். பிறக்கும்போது குழந்தையின் நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். ஒரு வயதில் சுமார் 75 சென்டிமீட்டர். ஒரே ஆண்டில் பாதி அளவு கூடிவிடுகிறது! எடையும் அப்படித்தான். 3 கிலோவில் பிறந்த குழந்தை ஐந்தாறு மாதத்தில் 6 கிலோ ஆகும். ஒரு வயதில் 9 கிலோ ஆகும்.

மூளையும் இதே காலத்தில்தான் வளர்கிறது. இரண்டு வயதில் மூளை, பெரியவர்களின் மூளையில் முக்கால் பங்குக்கு மேல் வளர்ந்துவிடுகிறது.

வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்குச் சிமெண்ட் போதவில்லை என்றால் என்ன ஆகும்? மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் சுவர் பலமாக இராது. இந்த ஆயிரம் நாட்களும் உடம்புக்கு அஸ்திவாரம் போடும் நாட்கள்.

கருவில் இருக்கும்போது

கருவில் உள்ள குழந்தைக்குத் தனியாக உணவு கிடையாது. தாயின் இரத்தத்திலிருந்துதான் எல்லாம் போக வேண்டும். தாய்க்கு இரத்தசோகை இருந்தால் குழந்தைக்கும் சத்து குறையும். எடை குறைந்து பிறக்கலாம். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அது எடை குறைந்த குழந்தை.

2019-21 ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள 100 பெண்களில் 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஏன்? பல வீடுகளில் பெண்கள்தான் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள். மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறார்கள். நிறைமாதத்திலும் குடம் சுமக்கிறார்கள். சிறு வயதிலேயே திருமணம் நடந்தால் இன்னும் ஆபத்து. தாயின் உடம்பே வளர்ந்து முடியாதபோது, அது குழந்தைக்கு எப்படிச் சத்துக் கொடுக்கும்?

ஒரே ஒரு சத்து குறைந்தாலும் பெரும் பாதிப்பு வரலாம். இமாசலப் பிரதேசத்தில் காங்க்ரா என்று ஒரு பள்ளத்தாக்கு உண்டு. இமயமலை அடிவாரம். அங்கே பலருக்கு முன்கழுத்தில் கழலை இருந்தது. மழையும் வெள்ளமும் மண்ணிலிருந்த அயோடின் சத்தை அடித்துக்கொண்டு போய்விட்டன. அந்த மண்ணில் விளைந்த உணவிலும் அயோடின் இல்லை. கருவுற்ற தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி தடைப்படும். காது கேளாமை, வாய் பேசாமை, குள்ளமான உடம்பு, தடுமாறும் நடை எல்லாம் வரலாம்.

1956இல் மருத்துவர் ராமலிங்கசாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு கொடுத்தார்கள். ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு சாப்பிட்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் மத்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக வந்த குறை, ஒரு சிட்டிகை உப்பில் அடங்கியது. கடையில் உப்பு வாங்கும்போது உறையைப் படித்துப் பாருங்கள். 'அயோடின் கலந்தது' என்று எழுதியிருக்க வேண்டும்.

கருவுற்ற தாய் செய்ய வேண்டியவை இவை. தொடக்கத்திலேயே பெயரைப் பதிவு செய்ய வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் குறைந்தது 180 நாட்கள் சாப்பிட வேண்டும். வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். பகலில் ஓய்வு வேண்டும். மருத்துவமனையில் பிள்ளை பெற வேண்டும். பிறந்தவுடன் குழந்தை மூச்சு விடத் தாமதமானால் மூளை பாதிக்கப்படலாம். கை கால் இயக்கமும் பாதிக்கப்படலாம். உடனே உதவி கிடைப்பது முக்கியம்.

பாலும் உணவும்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். முதலில் வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. அது நோயைத் தடுக்கும். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம்.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பால் மட்டும் போதாது. இங்கேதான் பல குழந்தைகளின் வளர்ச்சி தடைப்படுகிறது. "இன்னும் பல் முளைக்கவில்லையே" என்று காத்திருக்கிறோம். அல்லது நீர்த்த கஞ்சியைக் கொடுக்கிறோம். வயிறு நிறையும். சத்து சேராது. 2019-21 ஆய்வில், 6 மாதம் முதல் 23 மாதம் வரை உள்ள 100 குழந்தைகளில் 11 பேருக்கே போதுமான உணவு கிடைத்தது.

விலை உயர்ந்த டப்பா மாவு தேவையில்லை. அந்தந்த ஊரில் கிடைப்பதே போதும். கர்நாடகத்தில் கேழ்வரகுக் கூழ் கொடுக்கிறார்கள். வட மாநிலங்களில் அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்துக் கொடுக்கிறார்கள். கரண்டியிலிருந்து வழிந்தோடாத அளவு கெட்டியாக இருக்க வேண்டும். அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது நெய் சேர்க்கலாம். மசித்த கீரை, முட்டை, மீன், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். குழந்தையின் வயிறு சிறியது. ஆகவே நாளுக்கு நான்கைந்து முறை கொடுக்க வேண்டும். இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம்.

சாப்பிட்டும் உடம்பு தேறாதது ஏன்?

சில குழந்தைகள் நன்றாகச் சாப்பிடுகின்றன. ஆனாலும் வளர்வதில்லை. ஏன் தெரியுமா? ஓட்டைப் பானையில் எத்தனை குடம் ஊற்றினாலும் நிற்குமா?

அழுக்குத் தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கிறது. கிருமிகள் உள்ளே போகின்றன. அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது. குடலின் உட்புறம் கெடுகிறது. உண்ட உணவின் சத்து உடம்பில் ஒட்டுவதில்லை. ஆகவே குழந்தை வளர உணவு எவ்வளவு முக்கியமோ, கழிப்பறையும் சோப்பும் அவ்வளவு முக்கியம். சிறு குழந்தையின் மலத்திலும் கிருமி உண்டு. அதையும் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் உணவை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

தலை முதல் கால் வரை

குழந்தை எப்படி நடக்கக் கற்கிறது? முதலில் கழுத்து நிற்கும். பிறகு முதுகு நிமிரும். பிறகு இடுப்பு. கடைசியில் கால். மேலிருந்து கீழாக உடம்பு வசப்படுகிறது.

மூளையிலிருந்து கை கால்களுக்கு நரம்புகள் போகின்றன. இவை மின்கம்பி போன்றவை. மின்கம்பிக்கு மேலே உறை இருப்பதுபோல் நரம்புக்கும் கொழுப்பு உறை உண்டு. அந்த உறை சரியாக அமைந்தால்தான் மூளை இடும் கட்டளை வேகமாகக் காலுக்குப் போகும். இந்த உறை அமைய இரும்புச்சத்தும் நல்ல கொழுப்பும் தேவை. சத்து குறைந்தால் தசையும் தளரும், கட்டளையும் தாமதமாகும். இதனால் நடை பிந்தலாம்.

நலமான குழந்தைகள் பெரும்பாலும் இந்த வயதுகளில் இவற்றைச் செய்கின்றன:

தனியாக உட்காருதல்: 4 முதல் 9 மாதம்.
பிடித்துக்கொண்டு நிற்றல்: 5 முதல் 11 மாதம்.
பிடித்துக்கொண்டு நடத்தல்: 6 முதல் 14 மாதம்.
தனியாக நிற்றல்: 7 முதல் 17 மாதம்.
தனியாக நடத்தல்: 8 முதல் 18 மாதம்.

பாருங்கள், இடைவெளி எவ்வளவு பெரியது! பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்தது என்று நாம் கவலைப்பட வேண்டாம். சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிடும். அதுவும் தவறில்லை.

ஆனால் நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்காவிட்டால் காட்ட வேண்டும். ஒன்பது மாதம் முடிந்தும் உட்காராவிட்டால் காட்ட வேண்டும். பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்காவிட்டால் காட்ட வேண்டும். "தானாகச் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. எல்லாத் தாமதத்துக்கும் சத்துக் குறைவே காரணம் என்று சொல்ல முடியாது. மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் 2013 முதல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம்.

விளையாட்டும் ஓர் உணவு

குழந்தைக்கு உருளவும் தவழவும் இடம் வேண்டும். நாள் முழுவதும் தூளியில் போட்டுவைத்தால் தசைக்கு வேலை இல்லை. சக்கர நடைவண்டிக்குள் உட்கார வைத்தாலும் குழந்தை சீக்கிரம் நடக்காது. உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. சுத்தமான பாயை விரியுங்கள். குழந்தையை அதில் விடுங்கள். எட்டாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வையுங்கள். அதை எடுக்கக் குழந்தை முயலும். பேசுங்கள், பாடுங்கள், சிரியுங்கள்.

இது வீண் வேலை அல்ல. ஜமைக்கா என்று ஒரு சிறிய தீவு நாடு உண்டு. 1986இல் அங்கே வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. சில வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போனார். வீட்டில் செய்த பொம்மைகளால் குழந்தையோடு விளையாடத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போனார்கள். விளையாட்டுப் பயிற்சி பெறாதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

ஆகவே ஏற்கெனவே குட்டையாகிவிட்ட குழந்தையைக் கைவிட வேண்டாம். இரண்டு வயதுக்குப் பிறகு, இழந்த உயரத்தை முழுவதும் மீட்பது கடினம். ஆனால் அறிவையும் திறமையையும் வளர்க்க முடியும்.

யார் பொறுப்பு?

குழந்தை மெலிந்தால் எல்லாரும் தாயைத்தான் குறை சொல்கிறார்கள். இது நியாயமா? விடிந்தால் வயல் வேலை. தண்ணீருக்கு ஒரு மைல் நடை. கூலி போதவில்லை. சாப்பாடு கடைசியில். அவர் ஒருவரால் என்ன செய்ய முடியும்?

தந்தை தண்ணீர் எடுத்து வரலாம். மாமியார் மருமகளுக்கு முதலில் சோறு போடலாம். அண்ணனும் அக்காவும் தம்பியோடு விளையாடலாம். ஊர் கூடிக் குடிநீரும் கழிப்பறையும் கேட்கலாம். 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் இன்று நாடெங்கும் உள்ளது. அங்கே எடை பார்ப்பதும் சத்துணவு பெறுவதும் நம் உரிமை. எடை ஏறாவிட்டால் "ஏன் ஏறவில்லை?" என்று கேட்பதும் நம் உரிமை.

இப்போது நமக்கு எழுத்துத் தெரியும். எண்ணும் தெரியும். வளர்ச்சி அட்டையை நாமே படிக்கலாம். கோடு மேலே ஏறுகிறதா, படுத்துக் கிடக்கிறதா, கீழே இறங்குகிறதா என்று நாமே பார்க்கலாம்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? ஏன்?
2. உங்கள் தெருவில் கருவுற்ற தாய்மார்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு மாத்திரையும் ஓய்வும் கிடைக்கின்றனவா?
3. உங்கள் ஊர் அங்கன்வாடியில் போன மாதம் எடை பார்த்தார்களா?
4. உங்கள் வீட்டுக் குழந்தையின் வளர்ச்சி அட்டையைக் கொண்டு வாருங்கள். எல்லாரும் சேர்ந்து படியுங்கள்.