ஏரிக்கு நிதி திரட்டும் விழா

நிதி திரட்டும் விழாவுக்கு மேடையும் சிறப்பு விருந்தினரும் பிறகுதான். முதலில் தேவை, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வேலை. ‘கிராம வளர்ச்சிக்கு’ என்று கேட்டால் பத்து ரூபாய் நோட்டு வரும். வரத்துக் கால்வாயில் தூர் எடுக்க எத்தனை மணி நேரம் ஜேசிபி ஓட வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று எழுதிக் காட்டினால், மடைக்குக் கீழே நிலம் உள்ளவர் யோசித்துத் தருவார்.

உத்திரமேரூரில் இப்படி ஏரி வேலைக்கென்று நிதி தருவது ஆயிரம் ஆண்டுக்கும் முற்பட்ட வழக்கம். ஊரின் பெரிய ஏரியான வைரமேகத் தடாகத்தில் தூர் எடுக்கப் பொன் கொடுத்தவர்களைப் பல்லவர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பொன்னைப் பெற்ற ஊர்ச் சபை, முதல் தொகையைக் கரைக்காமல் வட்டியில் வேலையை நடத்தியது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. ஏரி வாரியத்துக்கும் பிற வாரியங்களுக்கும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை முறையில் ஆள் தேர்ந்த விதிகள் அவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது. நன்கொடை கேட்கும் எந்த அமைப்பும் பின்பற்றத் தகுந்த கறார் அது.

விழாவுக்குத் தை, மாசி ஏற்ற மாதங்கள். அறுவடைப் பணம் கையில் இருக்கும். அடுத்து ஏரி வற்றியதும் வேலையைத் தொடங்கலாம். ஆனால் ஏரிக்குப் பொறுப்பான அமைப்பிடம் அனுமதி வாங்காமல் வசூலைத் தொடங்கக் கூடாது. ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 40 ஹெக்டேருக்குக் குறைவான ஏரி பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பு.

விழாவின் வடிவத்துக்குப் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து மொய் விருந்தே நல்ல முன்மாதிரி. சாப்பிட்டு எழுபவர் மொய் எழுதுவார்; பெயரும் தொகையும் நோட்டில் ஏறும். குடும்பங்களுக்காக நடக்கும் இந்த விருந்தைப் புயல், வெள்ள நிவாரணத்துக்கும் அங்கே நடத்தியிருக்கிறார்கள். சோற்றுச் செலவை ஓரிருவர் தனியாக ஏற்றுக்கொள்வது மிக முக்கியம். இல்லையென்றால் வசூலைப் பந்தியே தின்றுவிடும். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வேண்டும், இரவு 10 மணியோடு நிறுத்த வேண்டும்.

சிறு தொகைக்கும் ரசீது உண்டு. நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கேட்பவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடைக்காது. வங்கி வழியாகத் தரச் சொல்ல வேண்டும். வரவு செலவை மே 1 கிராம சபையில் படித்து, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டலாம். மிஞ்சும் பணம் கரைப் பராமரிப்புக்கான வைப்புத்தொகையாகுமா, வேறு வேலைக்குப் போகுமா என்பதை வசூலுக்கு முன்பே நோட்டீஸில் அச்சிட்டுவிட வேண்டும்.