சிவப்பு வண்டியும் மலைப்பாதையும்

தபால் தலை சேர்ப்போர் உண்டு. பழைய நாணயம் தேடுவோர் உண்டு. வண்ணத்துப்பூச்சியின் பின்னால் வலையோடு திரிவோரும் உண்டு. இவர்களையெல்லாம் உலகம் ஒருவாறு ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் தீயணைப்பு வண்டிகளையும் நோயாளர் காவு வண்டிகளையும் தேடித் தேடிப் படம் பிடிப்பதே என் பொழுதுபோக்கு என்று நான் சொன்னால், கேட்பவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பது வழக்கம். "பிறர் துன்பத்தையா படம் பிடிக்கிறீர்?" என்று நேரிலேயே கேட்டவர்களும் உளர். கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறவே இதனை எழுதுகிறேன்.

இந்தப் பித்து எனக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க் நகரத்துத் தொண்டர் தீயணைப்பாளர்கள் மங்கிய மஞ்சள் நிற மேலங்கி அணிந்தனர். அந்நிறத்துக்கு ஆங்கிலத்தில் 'பஃப்' என்று பெயர். தீப்பிடித்த இடமெல்லாம் ஓடிச்சென்று பார்க்கும் ஆர்வலருக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது. நாளடைவில் எத்துறையிலும் தீராத ஆர்வம் கொண்டவரை அச்சொல்லாலேயே அழைக்கலாயினர். பொஸ்டன் நகரின் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஆர்தர் ஃபீட்லர் தீயணைப்பு வண்டிகள்மீது பெருங்காதல் கொண்டவர். சொந்தமாகவே பழைய வண்டி ஒன்றை வைத்திருந்தார். தீயணைப்பு வண்டியின் மணியோசை கேட்டால் எழுந்தோடும் குழந்தை, சிலருடைய நெஞ்சில் முதுமையிலும் உறங்குவதில்லை போலும்!

கமராவும் நம் மலைநாட்டுக்குப் புதியதன்று. உலகப் புகழ்பெற்ற படக்கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அவ்வம்மையார் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் கையாண்ட ஈரத் தகட்டு முறையில் ஓர் உருவம் பதியப் பல விநாடிகள் பிடிக்கும். அசையாது அமர்ந்தவரைத்தான் அக்கமரா ஏற்றுக்கொள்ளும். ஓடும் வண்டி அதிலே ஒருநாளும் சிக்கியிராது.

இன்று வண்டி சிக்குகிறது. ஆயினும் எளிதாகச் சிக்குவதில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தின் முற்காலச் சுருள்களுக்குச் சிவப்பு நிறமே தெரியாது. செக்கச் செவேலென்ற தீயணைப்பு வண்டி படத்தில் கன்னங்கரேலென்று விழும். எல்லா நிறங்களையும் உணரும் சுருள் வந்த பின்னரே அக்குறை தீர்ந்தது. உச்சியில் மின்னும் விளக்குகள் மற்றொரு சோதனை. ஷட்டரை மிக விரைவாக மூடினால் விளக்கு அணைந்த கணமே அகப்படக்கூடும். மெதுவாக மூடினால் ஓடும் வண்டி கலங்கிவிடும். வண்டியின் ஓட்டத்தோடு கமராவையும் சேர்த்துத் திருப்பப் பழகிக்கொள்ள வேண்டும். நுவரெலியாவின் மூடுபனியோ ஒளிமானியையே ஏமாற்றும். எங்கும் பரந்த வெண்மையைக் கண்டு வெளிச்சம் மிகுதியென்று அது கணக்கிட, படம் இருண்டுபோகும். இவற்றையெல்லாம் வென்று, ஈரத் தேயிலைப் பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு வண்டி வளைவில் திரும்பும் கணத்தைப் பிடித்துவிட்டால், அன்று உறக்கம் இனிது வரும்.

அழகைப் பற்றிய பேச்சு இதுவரை. அந்த வண்டி எதற்காக ஓடுகிறது என்பதை இனிப் பார்ப்போம்.

நுவரெலியா மாநகரசபைக்குத் தீயணைப்புப் பிரிவு உண்டு. நகரம் ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு தோட்டத்துக்கு வண்டி போவதென்றால் வளைவுக்குமேல் வளைவாக இறங்கிப் பின் ஏறவேண்டும். ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம். நாலாயிரம் லீற்றர் கொள்ளும் தொட்டியோடு கிளம்பும் வண்டி, நாலு தொன் நீரைச் சுமந்துகொண்டு கொண்டையூசி வளைவுகளில் திரும்புகிறது. உள்ளே நீர் ஒருபுறமாய்ச் சாய்ந்து வண்டியைப் புரட்டிவிடாதிருக்கத் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். சமவெளியில் பத்து நிமிடத்தில் ஓடும் தூரம் மலையில் அரை மணியையும் விழுங்கும்.

நமது லயமோ நெருப்புக்கென்றே கட்டியது போன்றது. ஒரே நீண்ட கூரையின் கீழ் பத்து, பன்னிரண்டு காம்பராக்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. பல லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எட்டுவதில்லை. ஒரு காம்பராவில் பற்றிய தீ கூரை மரங்களின் வழியே அடுத்த காம்பராவுக்கு நடந்தே போய்விடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அப்படித்தான் நேர்ந்தது. மாலை மயங்கும் வேளை. செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று காம்பராக்கள் எரிந்துகொண்டிருந்தன. பீலிக்கரையிலிருந்து லயம்வரை ஆணும் பெண்ணும் வரிசையாய் நின்று வாளிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தனர். கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நானும் அவ்வரிசையில் நின்றேன். ஒரு பெண் தகரப் பெட்டியையும் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களையும் இஸ்தோப்பிலிருந்து வெளியே வீசிக்கொண்டிருந்தாள். தீயணைப்பு வண்டி வந்ததைச் சங்கொலி அறிவித்தது; ஆனால் ஒலி நெருங்கவில்லை. அரை மைல் கீழே, ஒடுங்கிய மதகடியில் வண்டி திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. வீரர்கள் குழாய்ச் சுருள்களைத் தோளில் சுமந்து ஏறி வந்தார்கள். அவர்கள்மீது குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. உயிர்ச்சேதம் இல்லை. பன்னிரண்டு காம்பராக்களில் எட்டுச் சாம்பலாயின.

விடிந்தபின் மதகடியில் நின்ற வண்டியைப் படம் பிடித்தேன். அருகே நின்ற முதியவர் ஒருவர் சொன்னார்: "மாஸ்டர், வண்டி அழகாத்தான் இருக்குதுங்க. இங்கருந்து எங்க லயத்துக்கு வர்ற ரோட்டையும் ஒரு படம் புடிங்க. அப்பத்தான் ஏன் லேட்டாச்சுன்னு வெளங்கும்."

அன்றுமுதல் என் தொகுப்பின் முறையே மாறியது. ஒரு வண்டிக்கு ஒரு படமென்றால், அது போகவேண்டிய பாதைக்கும் ஒரு படம். குழிகள், மதகுகள், லயத்துக்கு ஏறும் படிக்கட்டுகள் எல்லாம் அதில் உண்டு. படிக்கட்டு ஏன் என்பீர்கள். குழாய்வழியே நீரைப் பத்து மீற்றர் உயரத்துக்கு ஏற்ற ஒரு வளிமண்டல அழுத்தம் செலவாகும். பாதையிலிருந்து முப்பது மீற்றர் மேலே லயம் இருந்தால் மூன்று பங்கு அழுத்தம் ஏறும்போதே கரைந்துவிடும். உராய்வால் இழப்பது வேறு. கீழேயுள்ள ஓடையிலிருந்து பம்பு உறிஞ்சலாம் என்றாலோ, ஏழெட்டு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து உறிஞ்ச எந்தப் பம்பாலும் ஆகாது. எஞ்சின் எவ்வளவு பெரிதாயினும் இந்தக் கணக்கு மாறாது.

என் தொகுப்பிலுள்ள அவசர வண்டிகள் சிலவற்றுக்குச் சிவப்பு நிறமும் இல்லை, சங்கொலியும் இல்லை. பிரசவ வேதனைப்பட்ட பெண்ணை ஏற்றிவந்த கொழுந்து லொறி ஒன்று உண்டு. நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, நால்வர் தூக்கிவந்த காலத்தை நேரில் கண்டோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு லொறியே தேர்.

அந்த நிலை மாறிவருவதையும் கமரா கண்டிருக்கிறது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வரும் 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை, இந்திய உதவியுடன் 2016 ஜூலை 28இல் 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018இல் வடக்கில் இரண்டாங்கட்டம் ஆரம்பமாகி, பின் நாடெங்கும் பரந்தது. இரு கட்டங்களிலும் இந்தியா வழங்கிய வண்டிகள் மொத்தம் 297. தேயிலைச் சரிவில் அவ்வண்டி ஏறுவதை முதன்முதல் படம் பிடித்தபோது என் கை சற்று நடுங்கியது உண்மை. ஆனால் அதுவும் பாதை முடியுமிடத்தில் நின்றுவிடும். அப்பால் மீண்டும் மனிதத் தோள்தான்.

இப்பொழுதுபோக்குக்கு நான் வகுத்துக்கொண்ட விதிகள் மூன்று. வண்டியின் வழியில் நில்லாதே. துன்பப்பட்டவர் முகத்தைப் படமாக்காதே. கை தேவைப்படும் இடத்தில் கமராவைக் கீழே வை. இவற்றைக் காப்பவன் பிறர் துன்பத்தை வேடிக்கை பார்ப்பவன் ஆகான்.

இப்போது ஏழு பேர்ச் காணியில் தனித்தனி வீடுகள் சில தோட்டங்களில் எழுந்துள்ளன. அங்கே ஒரு வீட்டுத் தீ மறு வீட்டுக்குத் தாவாது. ஆனால் லயங்கள் இன்னும் பல உள. அவை உள்ளவரை, வண்டி திரும்பும் அகலத்துக்கு ஒரு மதகும், பீலித் தண்ணீரைத் தேக்கிவைக்க லயத்துக்கு மேலே ஒரு தொட்டியும் வேண்டும். புதிய வண்டி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இவை பெருஞ்செலவல்ல. தோட்ட நிர்வாகமோ பிரதேச சபையோ எந்தப் பாதையிலிருந்து தொடங்குவது என்று கேட்குமானால், காட்டுவதற்கு என்னிடம் படங்கள் இருக்கின்றன.