வெடிப்பன்று, உடைப்பு: மலையேரியின் நீர்மட்டத்தைத் தாழ்த்தல்

இமயமலையின் பனியாற்று ஏரிகளைப் பற்றித் தமிழில் வெளிவரும் செய்திகளில் ‘பனி ஏரி வெடிப்பு’ என்னும் தொடரை நாம் அடிக்கடி காண்கிறோம். இதனைப் படிக்கும் மாணவர் எரிமலை போன்ற ஒன்றையே எண்ணிக்கொள்வர். அங்கே வெடிப்பது எதுவுமில்லை, கரைதான் உடைகிறது. அதற்கு ‘உடைப்பு’ என்னும் சொல் நம்மிடம் உண்டு. ‘ஏரி உடைப்பெடுத்தது’ என்பது உழவர் வழக்கு. வெடிப்பை எவ்வாறு தடுப்பது என்று வகுப்பில் வினவினால் மாணவர் விழிப்பர். உடைப்பை எவ்வாறு தடுப்பது என்று வினவினால், நீரைக் குறைக்க வேண்டும் என்று அவர்களே கூறிவிடுவர்.

பனியாறு தள்ளிக்கொண்டு வந்து விட்டுச்சென்ற கல்லும் மணலும் மண்ணுமே இவ்வேரிகளின் கரை. யாரும் கட்டிய கரையன்று. சில இடங்களில் அதனுள் பனிக்கட்டியும் புதைந்திருக்கும். மலைச்சரிவோ பனிப்பாளமோ ஏரிக்குள் விழுந்தால் பேரலை எழுந்து கரையைத் தாண்டும். தாண்டும் நீர் கரையை அரிக்கும். அரிப்பு ஆழமாக ஆழமாக வெளியேறும் நீரும் பெருகும். ஆகவே நீர்மட்டத்துக்கும் கரைமுடிக்கும் இடையே வெற்றுயரம் வேண்டும். ஏரியை முழுதும் வடிப்பது நோக்கமன்று. அலைக்கு இடம்விடுவதே நோக்கம்.

சிக்கிமில் ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரத்தில் உள்ளது தெற்கு லோனாக் ஏரி. 2016-இல் அங்கே மூன்று நெகிழிக் குழாய்களைப் பதித்து நீரை வெளியேற்றினர். குழாயை நீரால் நிரப்பி, ஒரு முனையை ஏரியிலும் மறுமுனையை ஏரி மட்டத்துக்குக் கீழேயுள்ள சரிவிலும் வைத்தால் எந்திரமின்றியே நீர் ஏறி இறங்கும். மின்சாரம் இல்லாத மலைக்கு ஏற்ற முறைதான். ஆயினும் நீரை மேலே ஏற்றுவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் அது தாங்கக்கூடிய நீரின் உயரம் சுமார் 10 மீட்டர். 5,200 மீட்டர் உயரத்திலோ அதில் ஏறத்தாழ பாதிதான். ஏரி தாழத் தாழ, நீர் ஏறவேண்டிய உயரமோ கூடும். (இயற்பியல் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.)

இது இடைக்கால ஏற்பாடே. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க ஏரி நீண்டுகொண்டே சென்றது. 2023 அக்டோபர்த் தொடக்கத்தில் ஓர் இரவு, உறைந்திருந்த பக்கக்கரையின் பெரும்பகுதி சரிந்து ஏரிக்குள் விழுந்தது. எழுந்த அலையால் ஏரி உடைப்பெடுத்தது. தீஸ்தா ஆற்றில் பாய்ந்த வெள்ளம் சுங்தாங்கில் இருந்த அணையைத் தகர்த்தது, பலர் மாண்டனர்.

நேபாளத்தில் எவரெஸ்ட்டுக்குத் தெற்கே, சுமார் 5,010 மீட்டர் உயரத்தில் உள்ள இம்ஜா ஏரியில் வேறு வழி பின்பற்றப்பட்டது. அதே 2016-இல், மூச்சுவிடவும் அரிதான அவ்விடத்தில் நேபாளப் படையினர் கரையை வெட்டிக் கால்வாய் அமைத்து, நீர்மட்டத்தை 3 மீட்டருக்குச் சற்று மேல் தாழ்த்தினர். அதற்கு முன்பே, 2000-இல், த்சோ ரோல்பா ஏரி 3 மீட்டர் தாழ்த்தப்பட்டிருந்தது. (‘த்சோ’ என்றாலே திபெத்திய மொழியில் ஏரிதான், ‘த்சோ ரோல்பா ஏரி’ என்னும்போது நாம் ஏரியை இருமுறை சொல்கிறோம்.) குழாய் அடைபடும், உறையும், பெயரும், வெட்டிய கால்வாய் நிற்கும். எனவே நம் கணிப்பில் கால்வாயே மேல். ஆனால் 3 மீட்டர் என்பது சிறிய அலைக்கே போதும். த்சோ ரோல்பாவை மேலும் பல மீட்டர் தாழ்த்த வேண்டுமென்று வல்லுநர் அன்றே கூறியிருந்தனர்.

இம்ஜாக் கால்வாயில் நீரை அளந்துவிடக் கதவு உண்டு. இதனை ‘நீர் வெளியேற்றக் கட்டுப்பாட்டு அமைப்பு’ என்று மொழிபெயர்ப்போர் உளர். அதன் பெயர் மதகு.