விபத்து வழக்கில் கவர் வந்தால் பீரோவில் வைக்காதீர்கள்



சென்ற மாதம் ஒரு சகோதரி மூன்று தபால் கவர்களுடன் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் தம்மாமில் வேலை பார்க்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் விடுமுறையில் வந்திருந்தபோது, கடைத்தெருத் திருப்பத்தில் அவருடைய கார் ஒரு மொபெட்டை உரசியது. மொபெட்டில் வந்தவருக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். நம் சகோதரர் ஓடிவிடவில்லை. அவரே தூக்கிச் சென்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, 12,000 ரூபாய் செலவும் செய்தார். ஜமாஅத் அலுவலகத்தில் பெரியவர்கள் முன்னிலையில் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதி வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முதல் கவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ். “பேசி முடித்த விஷயம்தானே” என்று அதை பீரோவில் வைத்துவிட்டார்கள். இரண்டாவது, காரை இன்சூர் செய்திருந்த கம்பெனியின் பதிவுத் தபால். ஓட்டியவரின் லைசென்ஸ் நகலைக் கேட்டிருந்தார்கள். அதுவும் பீரோவுக்குப் போனது. மூன்றாவது கவர்தான் சகோதரியை இங்கே அழைத்து வந்தது. பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்த 1,38,000 ரூபாயை இப்போது கார் உரிமையாளரிடமிருந்து வசூலித்துத் தரக் கேட்டுப் போட்ட மனு அது. வீடு ஜப்திக்கு வருமோ என்று அவருக்குப் பயம்.

இதில் மனதை உறுத்துவது என்னவென்றால், அந்தச் சகோதரரிடம் விபத்து நடந்த நாளில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தது. இன்சூரன்ஸும் நடப்பில் இருந்தது. ஒரு பைசா கூடக் கையிலிருந்து போக வேண்டிய வழக்கு அல்ல இது.

அப்படியானால் எப்படி இங்கே வந்து நின்றது? ஜமாஅத்தில் எழுதிய காகிதம், காயம்பட்டவர் இழப்பீடு கேட்கும் சட்ட உரிமையைத் தடுக்காது. கொடுத்த தொகையை நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். சமாதானம் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நம் மார்க்கம் விரும்பும் காரியம். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்காமல் “தவறு என்னுடையது, இவ்வளவு தருகிறேன்” என்று எழுதிக் கொடுப்பதைப் பாலிசி நிபந்தனையே தடுக்கிறது. மருத்துவ உதவி செய்யுங்கள், நலம் விசாரியுங்கள், போலீசில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். விபத்து நடந்தால் காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது, 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பது, கம்பெனிக்குத் தகவல் கொடுப்பது ஆகிய மூன்றும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஓட்டுநர் மேல் வைத்துள்ள கடமைகள். நம்மவர்கள் முதலாவதை நன்றாகச் செய்கிறார்கள். மூன்றாவதை அநேகமாக யாரும் செய்வதில்லை.

தீர்ப்பாயம் என்பது தனிக் கட்டடமல்ல. மாவட்ட நீதிமன்றமோ சார்பு நீதிமன்றமோதான் அந்தப் பெயரில் விசாரிக்கும். நோட்டீஸில் எம்.சி.ஓ.பி. என்று ஒரு எண்ணும் வாய்தா தேதியும் இருக்கும். பெரும்பாலும் முதல் எதிர்மனுதாரராக வாகன உரிமையாளர், இரண்டாவதாக இன்சூரன்ஸ் கம்பெனி. நான்கு லட்சம், ஆறு லட்சம் என்று கேட்டிருப்பதைப் பார்த்து நெஞ்சு படபடக்கும். அது மனுதாரர் கேட்கும் தொகைதான். காயச் சான்று, ஆஸ்பத்திரி பில், ஊனம் இருந்தால் அதற்கான மருத்துவச் சான்று, வருமானம் இவற்றைப் பார்த்துத்தான் தீர்ப்பாயம் தொகையை முடிவு செய்யும்.

காயத்துக்கும் உயிரிழப்புக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் தான் பணம் தர வேண்டும். ஆனால் ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்பது போன்ற நிபந்தனை மீறலைக் காட்டினால் கம்பெனி தப்பிக்கலாம். பல தீர்ப்புகளில் “கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்” என்று உத்தரவாகிறது. நம் சகோதரருக்கு நடந்தது அதுதான். லைசென்ஸ் கேட்டுக் கடிதம் போட்டோம், பதில் இல்லை என்று கம்பெனி சொன்னது. மறுத்துச் சொல்ல ஆளில்லை. அவர் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டார்.

எனவே நோட்டீஸ் வந்த அன்றே அதை நகல் எடுத்து, ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி நகல்களுடன் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், நமக்கு எதற்கு என்று இருந்துவிட வேண்டாம். அவர் கம்பெனியின் வக்கீல். நாமும் ஒருவரிடம் வக்காலத்து கொடுத்து, பதில் உரையில் லைசென்ஸ் விவரத்தைச் சேர்த்துவிட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று வீட்டில் ஒருவருக்குப் பவர் கொடுக்கலாம்.

போலீஸ் போடும் குற்ற வழக்கு வேறு, அது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடக்கும். 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்துகளுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 ஆகிய பிரிவுகள் வரும். அலைச்சல் வேண்டாமென்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருகிறார்கள். அந்த ஒப்புதல் பிறகு தீர்ப்பாயத்தில் நம் கவனக்குறைவுக்குச் சான்றாக வரும். தவறு உண்மையிலேயே நம்முடையது என்றால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இல்லாத தவறை அவசரத்துக்காக ஒப்புக்கொள்வதைத்தான் சொல்கிறேன். வழக்கை அப்படியே விட்டுவிட்டு வளைகுடா போவதும் ஆகாது. நிலுவையில் குற்ற வழக்கு இருந்தால் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது நீதிமன்ற அனுமதி கேட்பார்கள்.

இன்னொன்றைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டியிருப்பான். வாப்பா அல்லது மச்சான் “நான்தான் ஓட்டினேன்” என்று போய் நிற்பார். குடும்ப பாசம் என்று பெயர் வைத்தாலும் அது பொய்ச் சாட்சி. பெரும் பாவங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது. நமக்கே பாதகமானாலும் உண்மைக்குச் சாட்சி சொல்லும்படி சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம் ஏவுகிறது. காயம்பட்ட பக்கத்தில் நாம் இருக்கும்போதும் இதே அளவுகோல்தான். இல்லாத ஊனத்துக்குச் சான்று வாங்கித் தர வரும் தரகர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். 18 வயது ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுத்தவருக்கு 2019 திருத்தத்தின்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. விபத்தே நடக்காவிட்டாலும்.

இன்சூரன்ஸ் கூடுமா என்ற தயக்கத்தில் பாலிசியைப் புதுப்பிக்காமல் விடுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சட்டம் கட்டாயமாக்கிய தேர்ட் பார்ட்டி பாலிசியை நிர்ப்பந்தம் கருதி எடுக்கலாம் என்பது உலமாக்கள் பலரின் நிலைப்பாடு. சந்தேகம் இருந்தால் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள், வண்டியைப் பாலிசி இல்லாமல் எடுக்காதீர்கள். அடிபட்டவரின் ஹக்கும் அதில் இருக்கிறது.

வண்டியை விற்றவர்கள் ஆர்.சி.யில் பெயர் மாறியதைக் கண்ணால் பாருங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்பது போதாது. பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நவீன் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

எக்ஸ்பார்ட்டி உத்தரவு ஆகிவிட்டாலும் வழி உண்டு. காரணம் காட்டி அதை ரத்து செய்யக் கேட்கலாம். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 90 நாள். இரு தரப்பும் கம்பெனியும் சம்மதித்தால் லோக் அதாலத்தில் முடிக்கலாம், அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கும், வருமானம் பார்க்காமல் பெண்களுக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். தொலைபேசி எண் 15100.

அந்தச் சகோதரிக்காகத் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு இப்போது தாக்கலாகியிருக்கிறது. லைசென்ஸ் நகல் தம்மாமிலிருந்து வந்துவிட்டது. அடுத்த வாய்தா வரும் மாதம். துஆ செய்யுங்கள். உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு கவர் இருந்தால், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள்.

செயலாளர்