மன்னார் தீவு: சங்கிலி மன்னர் பயந்தது எதுக்கு?

மானகிரியிலிருந்து தென்கிழக்கே போனால் தொண்டி. கடலுக்கு அந்தப் பக்கம், தென்கிழக்கே மன்னார் தீவு. 1544-ல் அது யாழ்ப்பாண ராஜ்ஜியத்தில் இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் மதப் பிரசாரம் செய்த பிரான்சிஸ் சவேரியாரை மன்னார்க்காரங்க கூப்பிட்டாங்க. அவர் வரலை, ஒரு பாதிரியாரை அனுப்பினார். நிறைய பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்க.

வெறும் சாமி மாத்துற விஷயம்னா சங்கிலி மன்னர் விட்டிருப்பாரோ என்னவோ! தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்கள் மதம் மாறியதோடு, போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்புக்குள்ளும் போயிருந்தாங்க. மன்னாரும் அப்படிப் போனால் வரி யாருக்கு, முத்து யாருக்கு? படையை அனுப்பினார். கொல்லப்பட்டவர்கள் சுமார் 600 பேர் என்கிறார்கள்.

ஆனாலும் அவர் பயந்ததுதான் நடந்தது. 1560-ல் மன்னாரையும், 1619-ல் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுக்கீசியர் பிடித்தார்கள். கொல்லப்பட்டவர்கள் நினைவாக மன்னார் தோட்டவெளியில் இன்றும் தேவாலயம் இருக்கு.