புளித்த றை மாச் சூப்: இலற்றிக் அமில நொதித்தலுக்கு ஓர் உதாரணம்

நொதித்தல் என்றதும் மாணவர் பலரும் பாண், யோகட், தோசை மா ஆகியவற்றையே எழுதுவர். அவை சரியான விடைகளே. எனினும் அறியாத உணவொன்று வினாத்தாளில் தரப்பட்டால் பலர் தடுமாறிவிடுகின்றனர். உணவின் பெயர் மாறினாலும் அதன் பின்னாலுள்ள தத்துவம் மாறுவதில்லை. இதனைத் தெளிவாக விளங்கிக்கொள்ள, போலந்து நாட்டு மக்கள் வீட்டில் தயாரிக்கும் ‘ஷூரெக்’ எனும் புளிச் சூப்பை இங்கு நோக்குவோம்.

1. றை தானியமும் போலந்தும்

றை என்பது கோதுமையை ஒத்த, புல் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தானியமாகும். வளம் குறைந்த மணல் நிலத்திலும், ஓரளவு அமிலத்தன்மையுள்ள மண்ணிலும் இது வளரும். இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு, பனிமூடிய குளிர்காலத்தைத் தாங்கிநின்று, கோடையில் அறுவடைக்கு வரும். கோதுமை நன்கு விளையாத நிலங்கள் போலந்தில் பரந்து காணப்படுவதால், அந்நாட்டு ஏழை விவசாயிகளின் பிரதான தானியமாகப் பல நூற்றாண்டுகளாக றை விளங்கியது. இன்றும் உலகில் றை அதிகமாக விளையும் நாடுகளுள் போலந்தும் ஒன்றாகும்.

ஷூரெக் எனும் பெயர், ஜேர்மன் மொழியில் ‘புளிப்பு’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாகும். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் போலந்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தில் இறைச்சி தவிர்க்கப்பட்டது. அந்நாட்களில் இறைச்சி சேராத புளிச் சூப்பே பல குடும்பங்களின் அன்றாட உணவாயிற்று. வாரக்கணக்கில் இதனையே உண்டு சலித்த கிராமத்தவர், தவக்காலம் முடியும் வேளையில் சூப்புப் பானையை உடைத்தோ மண்ணில் புதைத்தோ விளையாட்டாக ‘அடக்கம்’ செய்யும் வழக்கமும் இருந்தது. ஆயினும் சூப் மறைந்துவிடவில்லை. சொசேச்சும் அவித்த முட்டையும் சேர்ந்த ஷூரெக், இன்று உயிர்த்த ஞாயிறு விருந்தின் சிறப்புணவாக உள்ளது.

2. புளிக் கரைசல் தயாரித்தல்

சூப்பின் அடிப்படை ‘சாக்வாஸ்’ எனப்படும் புளிக் கரைசலாகும்.

தேவையான பொருட்கள்:
• தவிடு நீக்காத றை மா – 100 கிராம்
• கொதித்தாறிய இளஞ்சூட்டு நீர் – 500 மில்லிலீற்றர்
• உள்ளி – 3 பற்கள்
• பிரிஞ்சி இலை – 2
• ஜமைக்கா மிளகு – 3

செய்முறை:
(அ) கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கொதிநீரால் கழுவி உலரவிடுக.
(ஆ) மாவை நீரிற் கட்டியின்றிக் கரைத்து, நசுக்கிய உள்ளியையும் ஏனையவற்றையும் சேர்க்குக. போத்தலில் மேற்பகுதி சிறிது வெறுமையாக இருத்தல் வேண்டும்.
(இ) வாயைச் சுத்தமான துணியால் மூடுக. இறுக்கமான மூடி இடலாகாது. வாயு வெளியேற வழியின்றேல் போத்தல் வெடிக்கக்கூடும்.
(ஈ) 20 – 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் 4 முதல் 6 நாட்கள் வைத்து, நாளொன்றுக்கு ஒரு தடவை சுத்தமான மரக்கரண்டியாற் கலக்குக.
(உ) இனிய புளிப்பு மணம் வந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுக. அங்கு ஏறத்தாழ ஒரு வாரம் வைத்திருக்கலாம்.

அமிலம் உலோகத்துடன் தாக்கமுறும் என்பதால் அலுமினியப் பாத்திரம் பயன்படுத்தலாகாது.

3. போத்தலினுள் நடைபெறுவது யாது?

இங்கு நுண்ணங்கிகள் வெளியிலிருந்து தனியாகச் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனிக்குக. இலற்றிக் அமில பற்றீரியாக்களும் மதுவங்களும் றை தானியத்தின் மேற்பரப்பிலேயே உள்ளன. தவிடு நீக்கிய மாவிலும் பார்க்கத் தவிடு நீக்காத மாவு விரைவாகப் புளிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மாவு நீருடன் சேர்ந்ததும் அதிலுள்ள அமிலேசு நொதியம் மாப்பொருளின் ஒரு பகுதியை மோற்றோசு போன்ற எளிய வெல்லங்களாக மாற்றுகின்றது. பற்றீரியாக்கள் இவ்வெல்லங்களைக் காற்றின்றிய முறையில் உடைத்துச் சக்தியைப் பெறுகின்றன. இதனைச் சுருக்கமாகப் பின்வருமாறு எழுதலாம்.

குளுக்கோசு → இலற்றிக் அமிலம் + சக்தி

சிலவகைப் பற்றீரியாக்கள் இலற்றிக் அமிலத்துடன் காபனீரொட்சைட்டு, அசற்றிக் அமிலம், எதனோல் ஆகியவற்றையும் விளைவாக்கும். மதுவங்கள் எதனோலையும் காபனீரொட்சைட்டையும் உண்டாக்கும். குமிழிகள் தோன்றுவது இக்காபனீரொட்சைட்டினாலாகும்.

முதலிரு நாட்களில் விரும்பத்தகாத மணம் வீசுவதுண்டு. அப்போது வேறு பற்றீரியாக்களும் பெருகுவதே அதற்குக் காரணம். அமிலம் கூடக்கூட அவை வளர முடியாமற்போக, அமிலத்தைத் தாங்கும் பற்றீரியாக்கள் நிலைபெறுகின்றன. ஒரு நுண்ணங்கிக் கூட்டம் தான் வாழும் சூழலை மாற்றி ஏனையவற்றை வெளியேற்றுவதற்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

4. உணவு நற்காப்பும் போசணையும்

தொடக்கத்தில் ஏறத்தாழ 6 ஆக உள்ள பீ.எச். பெறுமானம், நன்கு புளித்த கரைசலில் 4 இலும் குறைவாகின்றது. கொடிய நஞ்சை உண்டாக்கும் பொற்றுலிசப் பற்றீரியா 4.6 இலும் குறைந்த பீ.எச். பெறுமானத்தில் வளர்வதில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் உணவைப் பாதுகாக்க இத்தகைய அமிலமே துணைநின்றது.

மேலும், தானியத் தவிட்டிலுள்ள பைற்றிக் அமிலம் இரும்பு, நாகம் ஆகிய கனியுப்புக்களைப் பிணைத்து, அவை உடலில் அகத்துறிஞ்சப்படுவதைக் குறைக்கும். நொதித்தலின்போது பைற்றிக் அமிலத்தின் ஒரு பகுதி உடைக்கப்படுகின்றது. இறைச்சியின்றித் தானியத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்தோருக்கு இது பெரும் நன்மையாகும்.

முக்கிய கவனம்: நுரை, குமிழி, அடியில் மாப் படிவு, மேலே தெளிந்த சாம்பல் நிற நீர் ஆகியவை இயல்பானவை. பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் நிறப் புள்ளிகளோ பஞ்சு போன்ற படையோ தோன்றின் அது பூஞ்சணமாகும். மேற்படையை மட்டும் அகற்றிவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்தலாம் என எண்ணுதல் ஆபத்தானது. பூஞ்சண இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உட்செல்லும். பூஞ்சண நஞ்சுகள் பல கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. ஆகவே முழுவதையும் வீசிவிடல் வேண்டும்.

5. சூப் சமைத்தல்

நால்வருக்கு ஒன்றரை லீற்றர் நீரில் கறட், வெங்காயம், செலரி ஆகியவற்றையும் சொசேச்சையும் அவித்துச் சாறு எடுக்க வேண்டும். இறைச்சி உண்ணாதோர் காளானும் உருளைக்கிழங்கும் இடலாம். அவிந்த சொசேச்சை வெளியே எடுத்துத் துண்டுகளாக வெட்டுக. புளிக் கரைசலை நன்கு கலக்கி, அதில் 400 மில்லிலீற்றர் அளவைக் கொதிக்கும் சாற்றினுள் சிறிது சிறிதாக ஊற்றித் துழாவுக. 10 நிமிடம் மெல்லிய தீயிற் கொதிக்கையில் மாப்பொருள் மணிகள் நீரை உறிஞ்சி வீங்குவதால் சூப் தடிப்படையும். ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த மார்ஜோரம் இலையும், நசுக்கிய உள்ளியும், உப்பும், மிளகும் சேர்க்குக. சொசேச் துண்டுகளையும் பாதியாக வெட்டிய அவித்த முட்டையையும் இட்டுப் பரிமாறுவர். உட்பகுதி அகற்றிய உருண்டைப் பாணினுள் ஊற்றிக் கொடுப்பதும் உண்டு.

கொதித்த சூப்பில் உயிருள்ள பற்றீரியாக்கள் இரா. அவை உண்டாக்கிய அமிலமும் சுவையும் மட்டுமே எஞ்சும். சூடாக்காது உண்ணும் யோகட்டிலிருந்து இது வேறுபடுவது இவ்விடத்திலாகும்.

6. மாதிரி வினாக்களும் விடைகளும்

ஒரே அளவு றை மாவும் நீரும் கொண்ட இரு போத்தல்களுள் ‘அ’ 24 பாகை செல்சியசிலும், ‘ஆ’ 5 பாகை செல்சியசிலும் மூன்று நாட்கள் வைக்கப்பட்டன.

(i) எப்போத்தலில் அமிலத்தன்மை கூடுதலாக இருக்கும்? காரணம் தருக.
விடை: ‘அ’ இல். தாழ்ந்த வெப்பநிலையில் நொதியங்களின் தொழிற்பாடும் பற்றீரியாக்களின் பெருக்கமும் குறையும்.

(ii) அமிலத்தன்மை உண்டெனக் காட்டுவது எவ்வாறு?
விடை: கரைசலில் தோய்க்கப்பட்ட நீலப் பாசிச்சாயத்தாள் சிவப்பாக மாறும்.

(iii) மாவை முன்னரே நன்கு வறுத்துப் பயன்படுத்தினால் என்ன நிகழும்?
விடை: வெப்பத்தால் நுண்ணங்கிகளிற் பெரும்பாலானவை அழிந்து, நொதியங்களும் இயல்பு மாறுவதால் நொதித்தல் நடைபெறாது அல்லது மிகவும் தாமதமாகும்.

மாணவர்கள் ‘புளித்தது’ என்று மட்டும் எழுதாது, எந்த நுண்ணங்கி, எந்தப் பொருளை, எதுவாக மாற்றியது என மூன்றையும் குறிப்பிட்டால் விடை நிறைவுபெறும். தோசை மாவைப் பற்றிக் கேட்டாலும் இதே ஒழுங்கில் விடை எழுதலாம்.